ஸ்லைப்னர் தரவைக் கொண்டு நிலத்தடிக் கரியமில வாயுவைக் கண்காணிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வட கடலில், நார்வேக்குச் சொந்தமான ஸ்லைப்னர் எரிவாயு வயலில், 1996 முதல் கரியமில வாயு கடலடிப் பாறைக்குள் செலுத்தப்பட்டு வருகிறது. செலுத்தத் தொடங்கும் முன் 1994இல் எடுத்த நில அதிர்வுத் தொகுப்பையும் (கப்பலிலிருந்து ஒலி அலையைக் கீழே அனுப்பி, பாறை அடுக்குகளின் எதிரொலிகளைப் பதிவு செய்த தரவு), பிறகு எடுத்த தொகுப்புகளையும் ஒப்பிட்டு, உள்ளே போன வாயு எங்கே நிற்கிறது, எவ்வளவு நிற்கிறது, மேலே கசிகிறதா என்று கண்டறியும் வேலையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கல்லூரி அளவில் இயற்பியலோ புவி இயற்பியலோ படித்து, கொஞ்சம் பைத்தான் எழுதத் தெரிந்தவர் தனியாகவே இதைச் செய்து முடிக்கலாம்.

இந்த வேலையில் தவறு பெரும்பாலும் கணக்கில் நேர்வதில்லை, வரிசையில் நேர்கிறது. புதியவர்கள் முதல் நாளே இரண்டு தொகுப்புகளையும் திறந்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிடுகிறார்கள். அழகான படம் வருகிறது, நடுவில் பெரிய திரள் தெரிகிறது, வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். அந்தப் படத்தில் எது வாயு, எது கப்பல் சற்று விலகிப் போனதன் விளைவு என்று கேட்டால் பதில் இருப்பதில்லை. மாற்றம் இருக்கவே கூடாத இடத்தில் மாற்றம் இல்லை என்று காட்டிய பிறகுதான், மாற்றம் இருக்கும் இடத்தைப் பற்றிப் பேச நமக்கு உரிமை வருகிறது. கீழே உள்ள வரிசை முழுவதும் அதற்காகவே அமைந்தது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தரவு: ஸ்லைப்னர் நில அதிர்வுத் தொகுப்புகளை வயலை நடத்தும் ஈக்வினார் நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் சி.ஓ.டூ டேட்டாஷேர் தளம் வழியாகப் பொதுப் பயன்பாட்டுக்குத் தந்திருக்கிறார்கள். உரிம நிபந்தனைகளை முழுவதும் படித்து ஏற்றுக்கொண்ட பிறகே பதிவிறக்குங்கள். அதே இடத்தில் பாறை அடுக்குகளின் மாதிரியும் கிடைக்கும். அதையும் எடுத்து வையுங்கள், பத்தாவது படியில் தேவைப்படும்.

மென்பொருள்: தொகுப்பைக் கண்ணால் பார்க்க ஓபன்டெக்ட் போன்ற இலவச மென்பொருள் ஒன்று, கணக்குப் போடப் பைத்தானும் செகியோ நூலகமும். பார்ப்பதற்கு ஒன்று, கணக்கிட ஒன்று என்று தனித்தனியே வைத்துக்கொள்வது நல்லது. காட்சி மென்பொருள்கள் வீச்சைத் தாமாகவே சீராக்கிக் காட்டும். அந்தக் காட்சியை நம்பி எண் எழுதக் கூடாது.

இவற்றோடு ஒரு பக்கத்தில் தள விவரங்களை எழுதி மேசை மேல் வையுங்கள். கடல் ஆழம் சுமார் 80 மீட்டர். வாயு தங்கும் பாறை உட்சிரா மணற்படிவு; அதன் மேற்பரப்பு கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 800 மீட்டரில், வாயு செலுத்தும் இடம் 1012 மீட்டரில். மணலின் நுண்துளை விகிதம் 35 விழுக்காட்டுக்கு மேல். மணலுக்கு நடுவே ஒரு மீட்டர் அளவிலான மெல்லிய களிப்பாறைப் படலங்கள். ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் டன் உள்ளே போனது. இந்த எண்கள் கண்முன் இருந்தால், கணினி பொருந்தாத விடை ஒன்றைத் தரும்போது உடனே சந்தேகம் வரும்.

2. சரியான இணையைத் தேர்ந்தெடுங்கள்

இதில் தவறினால் பின்னால் எதைச் செய்தும் மீட்க முடியாது.

கோப்புப் பெயர்களில் இரண்டு ஆண்டுகள் இருக்கும். முதலாவது அளவீடு நடந்த ஆண்டு, இரண்டாவது அந்த அளவீட்டைச் செயலாக்கம் செய்த ஆண்டு. 1994 அளவீடு பலமுறை மறுசெயலாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. 94பி01 என்பதும் 94பி10 என்பதும் ஒரே கப்பல் ஒரே ஆண்டில் பதிவு செய்தவைதான். ஆனால் 2001இல் பயன்படுத்திய வடிகட்டிகளும் வேகப் படமும் (பாறைகளில் அலை எங்கே எவ்வளவு வேகமாகப் போகிறது என்ற மாதிரி) வேறு, 2010இல் பயன்படுத்தியவை வேறு.

94பி01ஐ 10பி10இலிருந்து கழித்தால், பாறையில் நடந்த மாற்றத்தோடு பத்தாண்டுக்கால மென்பொருள் மாற்றமும் சேர்ந்து வரும். இரண்டையும் பிரிக்க வழியே இல்லை. எனவே செயலாக்க ஆண்டு ஒன்றாக இருக்கும் இணையையே எடுங்கள். 2010ஐ ஆராய வேண்டுமா? 94பி10, 10பி10. முதல் முயற்சிக்கு இந்த இணையையே பரிந்துரைக்கிறேன்.

அதே இணையில் அண்மை, நடு, தொலைவு என்று, அலை பாறையில் படும் கோணவாரியாகப் பிரித்த தொகுப்புகளும் இருக்கலாம். அண்மையோடு அண்மையைத்தான் ஒப்பிட வேண்டும். சொல்லத் தேவையில்லை என்று தோன்றும், ஆனால் கலந்து கழித்துவிட்டு இரண்டு வாரம் விளக்கம் தேடிய மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. தலைப்பைப் படிக்காமல் தரவைத் தொடாதீர்கள்

செக்-ஒய் கோப்பு (நில அதிர்வுத் தரவைச் சேமிக்கும் பொது வடிவம்) 3200 பைட் எழுத்துத் தலைப்போடு தொடங்கும். அது பெரும்பாலும் எப்சிடிக் என்ற பழைய ஐ.பி.எம். எழுத்துக் குறியீட்டில் இருக்கும். சாதாரண எழுத்துமுறையில் திறந்தால் குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி மறுபடியும் பதிவிறக்க வேண்டாம், குறியீட்டை மாற்றிப் படியுங்கள். எந்த ஆயத்தொலைவு முறை, எந்த முனைவு (எதிரொலியை மேடாக வரைவதா பள்ளமாக வரைவதா என்ற வழக்கம்), என்னென்ன செயலாக்கம் என்ற விவரங்கள் அங்கேதான் கிடைக்கும்.

அடுத்து 400 பைட் இருமத் தலைப்பு. 3217ஆம் பைட்டில் மாதிரி இடைவெளி மைக்ரோநொடியில் இருக்கும். 2000 என்றால் 2 மில்லிநொடி. 3225ஆம் பைட்டில் எண் வடிவம்: 1 என்றால் ஐ.பி.எம். வடிவம், 5 என்றால் ஐ.இ.இ.இ. வடிவம். இதை மாற்றிப் படித்தால் அலை வடிவம் ஏறக்குறைய சரியாகத் தெரிந்துகொண்டே வீச்சு மட்டும் பிழையாகும். கண்ணுக்குப் பிடிபடாத தவறு என்பதால் இது மிக ஆபத்தானது.

ஒவ்வொரு தடத்துக்கும் (ஓரிடத்தின் எதிரொலிகளைக் காட்டும் ஒற்றை அலைக்கோடு) 240 பைட் தலைப்பு உண்டு. தடம் எந்த நெடுக்கு, குறுக்கு வரிசையில் இருக்கிறது என்று சொல்லும் இன்லைன் எண் 189இலும் கிராஸ்லைன் எண் 193இலும், ஆயத்தொலைவுகள் 181, 185இலும் இருப்பது வழக்கம். 71ஆம் பைட்டில் ஆயத்தொலைவுக்கான பெருக்கெண் இருக்கும். அது எதிர்ம எண்ணாக இருந்தால் பெருக்கக் கூடாது, வகுக்க வேண்டும். மைனஸ் 100 என்று இருப்பதைக் கவனிக்காமல் விட்டால் திரள் நூறு மடங்கு அகலமாகிவிடும்.

இரண்டு தொகுப்புகளின் நான்கு மூலைகளையும் ஒரே வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். பொதுவான பரப்பை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

4. படத்தைப் பார்க்கும் முன் விடையை ஊகித்து எழுதுங்கள்

எவ்வளவு பெரிய மாற்றத்தை எதிர்பார்க்கிறோம் என்று தெரியாமல் தேடினால், கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றம் என்று நம்பத் தோன்றும். அதனால் பாறை இயற்பியல் கணக்கு முதலில்.

கரியமில வாயுவின் மாறுநிலை வெப்பநிலை சுமார் 31 டிகிரி செல்சியஸ், மாறுநிலை அழுத்தம் 7.4 மெகாபாஸ்கல். உட்சிராவின் ஆழத்தில் அழுத்தம் அந்த அளவைக் கடந்துவிடுகிறது, வெப்பநிலையும் அதை ஒட்டியோ கடந்தோ இருக்கிறது. ஆகவே அங்கே இருப்பது நாம் அறிந்த லேசான வாயு அல்ல, நீரைவிட அடர்த்தி குறைந்த, ஆனால் எளிதில் அமுங்கும் ஒரு பாய்மம். அதன் சராசரி அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 675 கிலோ என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

நில அதிர்வுக்கு அடர்த்தியைவிட அமுங்கும் தன்மைதான் முக்கியம். உப்புநீரின் பருமக் குணகம் சுமார் 2.3 கிகாபாஸ்கல்; இந்தப் பாய்மத்தினுடையது சுமார் 0.08. துளைகளில் உள்ள பாய்மம் மாறினால் பாறையின் பருமக் குணகம் எவ்வளவு மாறும் என்று சொல்லும் காஸ்மன் சமன்பாட்டில் இவற்றை இடுங்கள். நான் கொள்ளும் மற்ற எண்கள்: மணிகளின் பருமக் குணகம் 36.9, உலர்சட்டத்தினுடையது (துளைகளில் பாய்மம் இல்லாத பாறை) 2.56, விறைப்புக் குணகம் 0.85 கிகாபாஸ்கல், நுண்துளை விகிதம் 0.37.

நீர் மட்டும் இருக்கையில் வேகம் நொடிக்குச் சுமார் 2050 மீட்டர் வரும். துளைகளில் 10 விழுக்காடு வாயு சீராகக் கலந்தாலே அது 1580க்கு விழுந்துவிடும். 30 விழுக்காட்டில் சுமார் 1455. முழுவதும் வாயு என்றால் 1420.

இந்த நான்கு எண்களையும் நிதானமாகப் பாருங்கள். முதல் பத்து விழுக்காட்டுக்குள் பெரும்பங்கு வீழ்ச்சி முடிந்துவிடுகிறது. முப்பதிலிருந்து நூறுவரை வெறும் 35 மீட்டர்தான் குறைகிறது. வாயு வந்திருக்கிறதா என்ற கேள்விக்கு நில அதிர்வு மிக நன்றாகப் பதில் சொல்லும். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற கேள்விக்கு அவ்வளவு நன்றாகச் சொல்லாது. இந்த வரம்பை இப்போதே மனத்தில் பதித்துக்கொண்டால் பின்னால் மிகையாக எழுத மாட்டீர்கள்.

இன்னொரு கணக்கும் போடுங்கள். வாயு சீராகக் கலக்காமல் திட்டுத்திட்டாக இருந்தால், 10 விழுக்காட்டில் வேகம் சுமார் 2000, 30 விழுக்காட்டில் சுமார் 1900. அதே அளவு வாயு, ஆனால் முற்றிலும் வேறான வேகம். எது சரி என்று நில அதிர்வு மட்டும் தீர்மானிக்காது. இரண்டு கணக்குகளையும் இரு எல்லைகளாக வைத்துக்கொண்டு, கடைசிவரை இரண்டுக்கும் சேர்த்தே விடை எழுதுங்கள். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு துல்லியமான எண் தருவது நேர்மையாகாது.

5. முனைவையும் அலையின் கட்டத்தையும் சரிபாருங்கள்

வாயு நிறைந்த மணலின் ஒலித்தடை, அதாவது வேகமும் அடர்த்தியும் பெருக்கினால் வருவது, மேலுள்ள களிப்பாறையைவிடக் குறைவு. எனவே வாயு அடுக்கின் மேற்பரப்பு ஒரு குறிப்பிட்ட திசையில்தான் எதிரொலிக்க வேண்டும். ஆனால் ஒலித்தடை கூடுவதை மேடாக வரைவோரும் உண்டு, பள்ளமாக வரைவோரும் உண்டு. வட கடல் தரவில் இரண்டையும் பார்க்கலாம்.

தலைப்பில் எழுதியிருப்பதை அப்படியே நம்பாமல் கடல்தரையைப் பாருங்கள். நீரிலிருந்து மண்ணுக்குப் போகும்போது ஒலித்தடை உறுதியாகக் கூடுகிறது. 80 மீட்டர் ஆழத்துக்கு அது 0.1 நொடியை ஒட்டித் தெரிய வேண்டும். செயலாக்கத்தில் அந்தப் பகுதி வெட்டப்பட்டிருந்தால், அருகிலுள்ள 15/9-13 ஆய்வுக் கிணற்றின் பதிவுகளிலிருந்து செயற்கைத் தடம் (அங்கே அளந்த வேகத்தையும் அடர்த்தியையும் கொண்டு கணக்கிட்ட எதிரொலி) செய்து ஒப்பிடுங்கள்.

வாயு அடுக்கையே வைத்து முனைவைத் தீர்மானிக்க வேண்டாம். எதைக் கண்டுபிடிக்கப் போகிறோமோ அதையே சான்றாக வைப்பது வட்டமாகச் சுற்றுவதாகும்.

6. அமைதிச் சாளரத்தைத் தேர்ந்தெடுங்கள்

மூடிப்பாறைக்கு (உட்சிராவின் மேல் நின்று வாயுவைத் தடுக்கும் களிப்பாறை) மேலே உள்ள அடுக்குகளில் 1994க்கும் 2010க்கும் இடையே ஒன்றும் மாறியிருக்கக் கூடாது. அந்தப் பகுதியில் ஒரு நேரச் சாளரத்தைத் தேர்ந்தெடுத்து, அதை வைத்தே இரண்டு தொகுப்புகளையும் பொருத்தப் போகிறோம். ஸ்லைப்னரில் திரள் ஏறக்குறைய 0.85 நொடிக்கும் 1.1 நொடிக்கும் இடையே தெரியும். நான் 0.3 முதல் 0.75 நொடிவரை எடுப்பேன்.

சாளரத்தின் அடி விளிம்பைத் திரளுக்கு மிக அருகே கொண்டுபோகாதீர்கள். அலைக்கு நீளம் உண்டு. மேல் அடுக்கின் எதிரொலியின் தலைப்பகுதி சாளரத்துக்குள் நுழைந்தால், வாயுவின் விளைவையே பிழையாகக் கருதி அழித்துவிடுவோம்.

மேலடுக்குகளில் ஆங்காங்கே பளிச்சென்ற புள்ளிகள் தெரியும். அவை 1994 தொகுப்பிலேயே இருப்பவை. இயற்கையாக மேலே தங்கிய ஆழங்குறைந்த எரிவாயு. அவற்றைப் பார்த்ததும் கசிவு என்று பதறுவது புதியவர்களின் வழக்கம். ஒரு பட்டியலில் இடத்தைக் குறித்து, பொருத்தும் கணக்கிலிருந்து அந்தத் தடங்களை நீக்குங்கள். பட்டியலை எறிந்துவிடாதீர்கள். கசிவுத் தேடலில் முதலில் மறுபடி பார்க்க வேண்டியவை அவையே.

7. பொருத்துதல்: பெரும்பகுதி நேரம் இங்கே போக வேண்டும்

முதலில் இப்போதைய நிலையை எண்ணால் அளங்கள். இரண்டு தடங்களின் வித்தியாசத்தின் இருமடிச் சராசரி மூலத்தை, இரு தடங்களின் தனித்தனி இருமடிச் சராசரி மூலங்களின் கூட்டலால் வகுத்து 200ஆல் பெருக்குங்கள். முற்றிலும் ஒத்தவை என்றால் 0 வரும், தொடர்பே இல்லாதவை என்றால் சுமார் 141, ஒன்றுக்கொன்று தலைகீழ் என்றால் 200. கடலில் கப்பல் இழுத்துச் செல்லும் கம்பிவடங்களால் எடுத்த அளவீட்டுக்கு 20 முதல் 30 விழுக்காடு கிடைத்தால் நல்ல பொருத்தம். 1994 அளவீடு எரிவாயு வயலுக்காக எடுத்தது. கண்காணிப்பை மனத்தில் வைத்துத் திட்டமிட்டதல்ல. அதனால் அதைவிடக் கூடுதலாக வந்தால் மனம் தளர வேண்டாம்.

இந்த எண் நேரப் பிசகுக்கு எவ்வளவு கூர்மையாக எதிர்வினை காட்டும் தெரியுமா? 35 ஹெர்ட்ஸ் அலை ஒன்றை ஒரே ஒரு மில்லிநொடி நகர்த்தினால் 22 விழுக்காடு வித்தியாசம் வந்துவிடும். இரண்டு மில்லிநொடி என்றால் 44. கடல்நீர் ஓதத்தால் ஒரு மீட்டர் உயர்ந்தாலே 1.3 மில்லிநொடிக்கு மேல் மாறும். பாறையில் ஒன்றும் நடக்காமலேயே இவ்வளவு மாற்றம்!

அதனால் பொருத்தும் வரிசை இது: முதலில் நேரம், பிறகு கட்டம், பிறகு அதிர்வெண் பரவல், கடைசியில் வீச்சு. நேரம் பிசகியிருக்கும்போது வீச்சைப் பொருத்தினால், நேரப் பிழையை வீச்சு ஈடுகட்ட முயன்று தவறான பெருக்கெண்ணைத் தரும். அந்தப் பெருக்கெண் பிறகு திரளின் எதிரொலிக்கும் போய்ச் சேரும்.

நேரத்துக்கு, அமைதிச் சாளரத்தில் இரு தடங்களின் குறுக்கு ஒட்டுறவை (ஒன்றை நகர்த்த நகர்த்த மற்றதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு) கணக்கிட்டு, உச்சம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மாதிரி இடைவெளி 2 மில்லிநொடி என்றால் உச்சத்தை இடைச்செருகி அதைவிட நுண்மையாகக் கண்டறிய வேண்டும். கிடைத்த நகர்வுகளை வரைபடமாக இடுங்கள். கப்பல் சென்ற திசையில் கோடுகோடாகத் தெரிந்தால் அது ஓதமும் நீரின் வெப்பநிலையும் செய்த வேலை, கோடுகோடாகவே திருத்தலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமான கட்டுப்பாடு ஒன்று உண்டு. ஒரு தொகுப்பை மற்றதோடு ஒத்துப்போகச் செய்யும் பொருத்து வடிகட்டியை அமைதிச் சாளரத்திலிருந்து மட்டுமே உருவாக்குங்கள், அதை முழுத் தடத்துக்கும் அப்படியே செலுத்துங்கள். ஒவ்வொரு தடத்துக்கும் தனித்தனியே, நீளமான வடிகட்டி போட்டால் எண் அழகாகக் குறையும். 10 விழுக்காடுகூட வரும். ஆனால் அந்த வடிகட்டி இரைச்சலையும் பொருத்தப் பழகிவிடுகிறது. திரளுக்குள் போகும்போது உண்மையைச் சிதைக்கிறது. நான் அண்டைத் தடங்கள் பலவற்றைச் சேர்த்து ஒரே வடிகட்டி உருவாக்குவேன். எண் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும்; அதை நம்பலாம்.

சரிபார்க்க எளிய வழி: சாளரத்தை இரண்டாகப் பிரித்து, மேல்பாதியில் வடிகட்டி உருவாக்கி, கீழ்ப்பாதியில் சோதியுங்கள். இரண்டிலும் எண் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் பொருத்தம் உண்மையானது. மேல்பாதியில் 15, கீழ்ப்பாதியில் 40 என்றால் வடிகட்டி மனப்பாடம் செய்திருக்கிறது.

8. இப்போது கழியுங்கள்

2010இலிருந்து 1994ஐக் கழியுங்கள். எது எதிலிருந்து கழிக்கப்பட்டது என்று கோப்புப் பெயரிலேயே எழுதுங்கள். மாற்றிக் கழித்தால் முனைவு தலைகீழாகிவிடும்.

வித்தியாசப் படத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குகள் தெரியும். இவற்றை ஒன்பது வாயு அடுக்குகளாக ஆய்வாளர்கள் பிரித்திருக்கிறார்கள். மெல்லிய களிப்பாறைப் படலங்களின் அடியில் வாயு தேங்கித் தேங்கி மேலேறியதன் தடயம் அது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மேல் அடுக்கைக் கடந்த அலை, வாயுவுக்குள் மெதுவாகப் போய்த் தாமதமாகத் திரும்புகிறது. ஆகவே கீழுள்ள அடுக்குகள் அனைத்தும் இருக்க வேண்டிய நேரத்துக்குக் கீழே தொய்ந்து தெரியும். தொய்ந்த எதிரொலியிலிருந்து தொய்யாத பழைய எதிரொலியைக் கழித்தால், வாயுவே இல்லாத உட்சிராவின் அடிப்பரப்பிலும் பெரிய வித்தியாசம் வரும். அது வாயு கீழே இறங்கியதன் அடையாளமல்ல.

திரளுக்கு அடியில் இன்னொன்றும் தோன்றும்: வலுவான வாயு அடுக்கின் எதிரொலி கடல்தரைக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே ஒருமுறை துள்ளி, சுமார் 0.11 நொடி கழித்து வந்து சேரும். உட்சிராவின் அடிக்குக் கீழே ஏதாவது பளிச்சென்று தெரிந்தால், அதே வடிவம் 0.11 நொடி மேலே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எனவே கழித்த படத்தை நம்பி அளக்கத் தகுந்தது மேல் அடுக்கு மட்டுமே. கீழுள்ளவற்றுக்கு அடுத்த படியைச் செய்யாமல் வீச்சைப் பற்றிப் பேச வேண்டாம்.

9. தொய்வை அளங்கள்

தொய்வு தொல்லை மட்டுமல்ல, அதுவும் ஒரு அளவீடுதான். 10 மீட்டர் மணலில் வேகம் 2050இலிருந்து 1450க்குக் குறைந்தால், இருவழி நேரம் சுமார் 4 மில்லிநொடி கூடும். உட்சிராவின் அடிப்பரப்பில் தொய்வு எவ்வளவு என்று அளந்தால், அந்த இடத்தில் மேலே மொத்தம் எவ்வளவு வாயு இருக்கிறது என்பதற்கு ஒரு மதிப்பீடு கிடைக்கும்.

குறுக்கு ஒட்டுறவு இங்கே எளிதாக ஏமாற்றும். 35 ஹெர்ட்ஸ் அலையின் காலம் சுமார் 29 மில்லிநொடி. தொய்வு அதில் பாதியைத் தாண்டினால், கணினி அடுத்த மேட்டைப் பிடித்துக்கொண்டு முழு ஒரு சுழற்சி தவறிவிடும். ஸ்லைப்னரின் நடுப்பகுதியில் தொய்வு அந்த அளவைத் தாண்டுகிறது. ஆகவே தொய்வே இல்லாத விளிம்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தடமாக உள்ளே நகர்ந்து, முந்தைய விடையைச் சுற்றி மட்டும் அடுத்ததைத் தேடுங்கள். வரைபடத்தில் திடீரென 29 மில்லிநொடித் தாவல் தெரிந்தால் சுழற்சி தவறிவிட்டது என்று பொருள்.

நடுப்பகுதியில் திரளுக்குக் கீழே எதிரொலிகள் மங்கிச் சிதறிப்போயிருக்கும். அங்கே அளக்க முடியாது. வெற்றிடமாக விடுங்கள், நிரப்பாதீர்கள். மென்பொருள் தானாக இடைச்செருகி நிரப்பிய வழவழப்பான வரைபடம் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அந்த நடுப்பகுதி யாரும் அளக்காதது.

10. மேல் அடுக்கின் தடிமன்

வாயு உட்சிராவின் உச்சியை 1999 அளவீட்டுக்குச் சற்று முன்னர்தான் எட்டியது. அதன் பிறகு ஒவ்வொரு அளவீட்டிலும் மேல் அடுக்கு அகலமாகிக்கொண்டே வந்திருக்கிறது. அதற்கு மேலே வாயு இல்லாததால் தொய்வும் இல்லை. தடிமன் அளக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

வேகம் 1450, அதிர்வெண் 35 என்றால் அலைநீளம் சுமார் 41 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது சுமார் 10 மீட்டர், ஓர் எல்லை. அடுக்கு அதைவிட மெல்லியதாக இருந்தால் மேற்பரப்பின் எதிரொலியும் அடிப்பரப்பின் எதிரொலியும் ஒன்றுகலந்துவிடும். அப்போது நேர இடைவெளியை வைத்துத் தடிமனை அளக்க முடியாது. ஆனால் வீச்சு தடிமனோடு ஏறக்குறைய நேர்விகிதத்தில் கூடும். அதை வைத்து அளக்கலாம்.

பிழை நேர்வது எல்லையைத் தாண்டும்போது. பத்து மீட்டருக்கு மேல் தடிமன் கூடக் கூட வீச்சு மறுபடி குறையும். வீச்சை மட்டும் பார்த்தால் 7 மீட்டரும் 14 மீட்டரும் ஒன்றுபோலத் தெரியலாம். 2010 அளவீடு, நீரின் அழுத்தத்தையும் அசைவையும் சேர்த்துப் பதியும் இரட்டை உணரி வடங்களால் எடுத்தது. அதிர்வெண் பரவல் அகலம். தடித்த இடங்களில் மேலும் கீழும் பிரிந்து தெரிவதால் நேர இடைவெளியையும் அளந்து சரிபார்க்க முடிகிறது.

மூன்றாவது சரிபார்ப்பும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அசையாமல் தேங்கிய வாயுவின் அடிமட்டம் ஏறக்குறைய கிடைமட்டமாக இருக்கும். குளத்து நீர்ப்பரப்பைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள். மூடிப்பாறையின் அடிப்பரப்பு வரைபடத்தை முதல் படியில் எடுத்து வைத்த மாதிரியிலிருந்து எடுங்கள். திரளின் விளிம்பு எந்த ஆழக்கோட்டில் நிற்கிறதோ அந்த ஆழத்திலிருந்து மேடு எவ்வளவு உயர்கிறது என்று கழித்தால், நில அதிர்வு வீச்சைத் தொடாமலேயே ஒரு தடிமன் கிடைக்கும். வீச்சுத் தடிமனும் மேட்டுத் தடிமனும் ஒத்துப்போகும் இடங்களை நம்புங்கள். முரண்படும் இடங்களை வரைபடத்திலேயே குறித்துக் காட்டுங்கள்.

11. உள்ளே போனதோடு ஒப்பிடுங்கள்

2010 அளவீட்டுக்குள் சுமார் 1 கோடியே 20 லட்சம் டன் செலுத்தப்பட்டிருந்தது. 675 அடர்த்திக்கு இது ஏறக்குறைய 1 கோடியே 78 லட்சம் கனமீட்டர். நுண்துளை விகிதம் 0.36, நிரம்பல் 80 விழுக்காடு என்று கொண்டால், 6 கோடி கனமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பாறையை அது நிறைக்கும். திரளின் பரப்பு 3 சதுர கிலோமீட்டரை ஒட்டி இருக்கிறது. அப்படியானால் எல்லா அடுக்குகளையும் சேர்த்துச் சராசரியாக 20 மீட்டர் வர வேண்டும்.

உங்கள் கணக்கு அதைவிட மிகக் குறைவாக வந்தால், கீழ் அடுக்குகளை மேலுள்ள வாயுவின் நிழல் மறைத்திருக்கலாம். மிக அதிகமாக வந்தால், தொய்விலிருந்து தடிமனைக் கணக்கிட்டபோது குறைந்த நிரம்பலை நிறைந்த நிரம்பலாக எண்ணியிருக்கலாம். நான்காம் படியின் எண்ணை நினைவுகூருங்கள்: பத்து விழுக்காடு வாயுவே பெரும் தாமதத்தைத் தந்துவிடும்.

நீரில் கரைந்துபோன வாயு நில அதிர்வில் ஏறக்குறையத் தெரியாது. 2009வரையிலான ஈர்ப்பு அளவீடுகள் கரைதல் ஆண்டுக்கு 1.8 விழுக்காட்டைத் தாண்டாது என்று மேல்வரம்பு தந்தன. கணக்கில் விடுபட்ட பங்கையெல்லாம் கரைந்துவிட்டது என்று எழுதித் தப்பிக்க அந்த வரம்பு இடம் தராது.

12. கசிவு இல்லை என்று எழுதும் முன்

பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை என்பது விடையாகாது. எவ்வளவு இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்றும் சொல்ல வேண்டும். கடற்கரைகளில் வாழும் மக்கள் இந்த வரியை நம்பித்தான் முடிவெடுக்கப் போகிறார்கள்; அதனால் இதில் எனக்கு விட்டுக்கொடுத்தலே கிடையாது.

செய்முறை இது. பொருத்திய பிறகு அமைதிச் சாளரத்தில் எஞ்சியிருக்கும் வித்தியாசம்தான் உங்கள் இரைச்சல். அதற்குள் செயற்கையாக ஒரு சிறு வாயுத் திட்டைச் சேருங்கள்: 50 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் தடிமன் என்று தொடங்கலாம். எங்கே வைத்தீர்கள் என்று அறியாத ஒருவரிடம் படத்தைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். திட்டைச் சிறிதுசிறிதாகப் பெரிதாக்கி, பத்தில் ஒன்பது முறை அவர் கண்டுபிடிக்கும் அளவைக் குறியுங்கள். அதுவே உங்கள் கண்டறியும் வரம்பு.

ஆழம் குறையும்போது கரியமில வாயு விரிந்து லேசாகும். ஒரே எடை இன்னும் எளிதாகத் தெரியும். எனவே இரண்டு மூன்று ஆழங்களுக்குத் தனித்தனி வரம்பு எழுதுங்கள். ஆறாம் படியில் பட்டியலிட்ட பழைய பளிச்சிடும் புள்ளிகளை இப்போது ஒவ்வொன்றாகத் திறந்து, 1994 வீச்சையும் 2010 வீச்சையும் பக்கத்தில் பக்கமாக எழுதுங்கள்.

13. இதே முறையை வேறு தளத்துக்குக் கொண்டுபோகும்போது

ஸ்லைப்னரில் ஒரு வசதி இருந்தது. உட்சிரா மிகப் பெரியது, எளிதில் ஊடுருவக்கூடியது. அதனால் அழுத்தம் குறிப்பிடும்படி உயரவில்லை. கண்ட மாற்றம் அனைத்தையும் வாயுவின் கணக்கில் எழுத முடிந்தது.

பேரன்ட்ஸ் கடலின் ஸ்னோவிட் தளத்தில் அப்படி இல்லை. 2008இல் டூபோன் படிவில் செலுத்தத் தொடங்கியதும் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியது. 2011இல் செலுத்தும் இடத்தை மேலுள்ள ஸ்டோ படிவுக்கு மாற்றினார்கள். அழுத்தம் உயர்ந்தாலும் பாறையின் வேகம் குறையும். வித்தியாசப் படத்தில் அதுவும் வாயுவைப் போலவே தெரியும்.

இரண்டையும் பிரிக்க அண்மைத் தொகுப்பும் தொலைவுத் தொகுப்பும் தேவை. பாய்மம் மாறினால் விறைப்புக் குணகம் மாறாது. அழுத்தம் மாறினால் அதுவும் மாறும். அதனால் கோணம் கூடக் கூட வீச்சு மாறும் விதம் இரண்டுக்கும் வேறுபடுகிறது. டிரான்ட்ஹெய்ம் பல்கலைக்கழகப் புவி இயற்பியலாளர் மார்ட்டின் லாண்ட்ரோ 2001இல் இதற்கான எளிய சூத்திரங்களை வெளியிட்டார். இன்றும் பெரும்பாலோர் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஆனால் கோணவாரிப் பிரிப்பில் இரைச்சல் பல மடங்காகும். முழுத் தொகுப்பில் 30 விழுக்காட்டுப் பொருத்தம் போதுமானதாக இருந்திருக்கலாம், இங்கே போதாது. அண்மைக்கும் தொலைவுக்கும் தனித்தனியே ஏழாம் படியை முதலிலிருந்து செய்து, இரண்டின் எண்ணையும் எழுதிய பிறகே சூத்திரத்தை எடுங்கள். கிணற்றடியில் அழுத்தமானி இருந்தால் அதன் பதிவைப் பக்கத்தில் வைத்து, செலுத்து கிணற்றைச் சுற்றிக் கிடைத்த அழுத்த மாற்றம் அதோடு பொருந்துகிறதா என்று முதலில் அங்கேயே சரிபாருங்கள்.